இரவல் கேட்டு வந்தவர்கள்

ஜனவரி 3

பக்கத்தில் படுத்திருப்பவர் தூங்குகிறாரா, கண்ணை மூடிக்கொண்டு சும்மா கிடக்கிறாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இத்தனை வருடம் ஒரே கட்டிலில் படுத்த பிறகும் எனக்கு இதற்குப் பதில் தெரியவில்லை. மூச்சு சீராகத்தான் வருகிறது. ஆனால் காலையில் காப்பியோடு போய் நின்றால், நான் கூப்பிடுவதற்கு முன்பே "அங்க வச்சிரு" என்கிறார். முன்பெல்லாம் குறட்டைக்காக நான் சண்டை போடுவேன். இப்போது இரண்டு வாரமாக வீடு அமைதியாக இருக்கிறது.

ஜலதோஷம்தான். கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் பிடித்தது, இன்னும் விடவில்லை.

வெளியே மைனஸ் இருபத்தாறு. போதகருக்கென்று கொடுத்திருக்கிற குருமனைப் படியிலிருந்து கோயில் வாசல் வரை பனியைத் தள்ளினேன். இவர் செய்கிற வேலை. நாளை ஆராதனைக்கு வருகிறவர்கள் வழுக்கி விழக்கூடாது.

ஜனவரி 5

டைரி எழுதுகிறவர்களை நான் நம்பியதில்லை. பாளையங்கோட்டையில் கல்லூரியில் சரித்திரம் நடத்தியபோது, எந்த நாட்குறிப்பையும் சந்தேகத்தோடு படியுங்கள் என்றுதான் பிள்ளைகளிடம் சொல்வேன். எழுதுகிறவர் தன்னிடமே கொஞ்சம் நல்ல பேர் வாங்கப் பார்ப்பார். இப்போது நானே எழுதுகிறேன். தமிழில் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

எழுதியதும் உறுத்துகிறது. இவர் இருக்கிறாரே.

ஊரின் பெயர் ஹார்லன் க்ராசிங். மொண்டானா மாநிலத்தின் கிழக்கு ஓரம். கோதுமை வயல், மாட்டுப் பண்ணை, காற்று. சபையில் பத்தொன்பது பேர், அதில் அறுபது வயதுக்குக் கீழே இருப்பவர்கள் இரண்டு பேர். இங்கே வர எந்த அமெரிக்கப் போதகரும் சம்மதிக்காததால் ஊரில் எங்கள் சபைகளை நிர்வகிக்கிற திருமண்டலத்துக்குக் கடிதம் வந்தது. இவர் கையைத் தூக்கினார்.

"இருநூறு வருசத்துக்கு முன்னால இவங்க ஆளுங்க புருசனும் பெண்டாட்டியுமாக் கப்பல் ஏறி வந்து நமக்குப் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி எல்லாம் குடுத்துட்டுப் போனாங்க. அந்தப் பாத்திரத்தை நாம இன்னும் திருப்பிக் குடுக்கல ரூபா. வெறும் பாத்திரமாத் திருப்பக் கூடாதுல்லா" என்றார். அந்தப் பேச்சில் இருந்த சரித்திரப் பிழைகளை நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு கல்லூரியில் நீண்ட விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டுக் கூடவே வந்தேன்.

நான் விசுவாசி அல்ல. கல்யாணத்துக்கு முன்பே இவரிடம் சொல்லிவிட்டேன். "பரவால்ல, ரெண்டு பேருக்கும் சேத்து நான் நம்பிக்கிடுதேன்" என்றார். அந்த ஏற்பாடு இதுவரை நன்றாகத்தான் நடந்தது.

கோயில் நுழைவறையில் ஒரு பழைய புகைப்படம் தொங்குகிறது. புல்வெளியில் இந்தக் கோயிலைக் கட்ட வந்த முதல் மிஷனரித் தம்பதி. கீழே, "ரெவரெண்ட் ஆல்டன் விக்ஸ், 1889." பக்கத்தில் நிற்கிற பெண்ணுக்குப் பெயர் போடவில்லை. அவர் கேமராவைப் பார்க்காமல் பக்கவாட்டில் கணவரைப் பார்க்கிறார். அந்தக் காலத்துப் பணிவு என்று எடுத்துக்கொண்டேன்.

ஜனவரி 7

வெர்னாவின் பாத்திரம் மறுபடி வந்துவிட்டது. இதை எழுதியே ஆக வேண்டும்.

வெர்னா எங்கள் சபையில் ஆர்கன் வாசிக்கிறவர். எழுபத்தெட்டு வயது, விதவை, தனியாக ஒரு பண்ணை வீட்டில் இருக்கிறார். நாங்கள் வந்த வாரம், உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் பாலாடைக்கட்டியும் சேர்த்து வேகவைத்த ஒன்றைக் கண்ணாடிப் பாத்திரத்தில் கொண்டுவந்தார். கழுவி வெறுமனே கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. எலுமிச்சை சாதம் வைத்து அனுப்பினேன். அடுத்த வாரம் அதே பாத்திரம் நிறைந்து வந்தது. நான் அல்வா வைத்தேன். ஆகஸ்டிலிருந்து அந்தப் பாத்திரம் இரண்டு வீட்டுக்கும் நடுவே ஓய்வில்லாமல் ஓடுகிறது.

நவம்பரில் அச்சு முறுக்கு வைத்து அனுப்பியபோது வெர்னா நேரிலேயே வந்தார். அவர் கையிலும் ஓர் அச்சு இருந்தது. நீளக் காம்பு, முனையில் பூ, என் அச்சுக்குக் கூடப்பிறந்தது மாதிரி. நார்வேயிலிருந்து அவருடைய குடும்பம் கொண்டுவந்ததாம். இரண்டு பேரும் அடுப்பருகில் நின்று சுட்டோம். என் மாவில் தேங்காய்ப் பால், அவர் மாவில் மாட்டுப் பால், மற்றபடி ஒன்றேதான். இவர் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்றுகொண்டே, "மிஷனரி வேலை முடிஞ்சுது, ஊருக்குப் போவோமா?" என்றார். அன்றைக்கு அப்படிச் சிரித்தார்.

இன்று வெர்னா வாசலில் நின்றபடியே கேட்டார்.

"பாஸ்டர் எப்படி இருக்கார்?"

"ஜலதோஷம்."

"இன்னுமா?"

"இன்னும்."

அவர் என் தோளுக்கு மேலாக உள்ளே பார்த்தார். பிறகு காற்றைப் பற்றிப் பேசினார்.

ஜனவரி 8

இன்று குளித்தார்.

ஜனவரி 11, ஞாயிறு

இவர் அங்கி போடாமல் ஸ்வெட்டரோடு பீடத்தில் ஏறினார். போன வாரமும் அப்படித்தான். "குளிருக்கு இதுதான் தோது" என்றார். பிரசங்க நேரத்தில் எண்பத்தெட்டாம் சங்கீதத்தை வாசித்தார். இருட்டில் போய் முடிகிற சங்கீதம் அது. வாசித்துவிட்டு வேதாகமத்தை மூடினார். பிரசங்கத்துக்காக எல்லாரும் காத்திருந்தோம். இவர் பீடத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு ஜன்னலையே பார்த்தார். பிறகு இறங்கி வந்து முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டார்.

யாரும் அசையவில்லை. விறகுக் கணப்பில் கட்டை சரிந்து விழுகிற சத்தம் கேட்டது. நெடுநேரம் கழித்து வெர்னா தானாகவே ஒரு பாட்டை வாசிக்க ஆரம்பித்தார். எல்லாரும் எழுந்து பாடினார்கள்.

பிறகு காப்பி குடிக்கும்போது ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. கன்றுக்குட்டி விலை, காற்று, டிரக்கின் பேட்டரி. நான் தொண்டைக்கட்டு என்று இரண்டு பேரிடம் சொன்னேன். கேட்காமலே சொன்னேன். சபையில் ஆர்வில் என்பவர் மட்டும் இவர் கையைக் குலுக்கிவிட்டுச் சட்டென்று விடவில்லை.

ஜனவரி 13

ஆர்வில் வந்தார். எங்கள் சபையின் மூத்த உறுப்பினர் அவர். மாட்டுப் பண்ணைக்காரர். அவர் பேசுவதைத் தமிழில் எப்படி எழுதினாலும் இரண்டு வார்த்தை கூடிவிடுகிறது, அவ்வளவு குறைவாகப் பேசுவார். அக்டோபரில் ஒரு மான் வேட்டைத் துப்பாக்கியைக் கொண்டுவந்து, "இது உங்களுக்கு, பாஸ்டர்" என்று இவர் கையில் கொடுத்தவர். இந்த ஊருக்கு வருகிற எல்லாப் போதகருக்கும் கொடுப்பாராம். இவர் வேட்டைக்கு இரண்டு தடவை கூடப் போனார். எதையும் சுடவில்லை, டிரக்கில் உட்கார்ந்து பேசிவிட்டு வந்தார்கள். ஆனாலும் சனிக்கிழமை தவறாமல் அதற்கு எண்ணெய் போட்டுத் துடைப்பார். இங்கே கிடைத்தவற்றில் இவர் உச்சிகுளிர்ந்து வாங்கிக்கொண்ட பொருள் அதுதான்.

ஆர்வில் பூட்ஸைக் கழற்றாமல் மிதியடியிலேயே நின்றார்.

"குள்ளநரித் தொல்லை. அந்தத் துப்பாக்கி கொஞ்ச நாளைக்கு இரவல் கிடைக்குமா?"

"எது? நீங்க குடுத்ததா?"

"ஆமா."

"உங்க வீட்டுல அரை டஜன் இருக்குன்னு சொன்னீங்களே."

தொப்பியைக் கையில் ஒரு சுற்றுச் சுற்றினார். "அது கொஞ்சம் நேராச் சுடும்."

"அவர் தூங்குறார். எழுந்ததும் கேட்டுச் சொல்றேன்."

"எழுப்ப வேண்டாம். எங்க இருக்குன்னு சொன்னா எடுத்துக்கிட்டுப் போயிடுறேன்."

எனக்குச் சுருக்கென்றது. கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது எங்கள் பக்கத்தில் உறவை முறித்துக்கொள்கிறவர்கள் செய்கிற காரியம். அதிலும் மனுஷன் படுத்திருக்கும்போது, மனைவியிடம். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் இல்லாமல் போனதற்கு இதுதான் தண்டனை போலும்.

"அவர் கையில குடுத்தீங்க. அவர் கையாலயே வாங்கிக்கிடுங்க" என்றேன்.

"சரி, மேடம்" என்றார். எப்போதும் ரூபா என்றுதான் கூப்பிடுவார்.

டிரக்கில் ஏறி, கிளப்பாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

ஜனவரி 14

எங்களை ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். அதற்கு அச்சாரம் இது. முதலில் துப்பாக்கி, அடுத்தது குருமனைச் சாவி. நேராகச் சொல்கிற தைரியம் இவர்களுக்கு இல்லை.

சாயங்காலம் இவர் சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"நேத்து யார் வந்தது?"

"ஆர்வில்."

"எதுக்கு?"

"உங்களைப் பாக்க."

"என்னைப் பாக்க என்ன இருக்கு. பாத்திரம் காலி, ரூபா."

ரசம் வைக்கட்டுமா என்று கேட்டேன். நானே வைத்தேன். இரண்டு கரண்டி குடித்தார்.

ஜனவரி 16

இன்று வெர்னா. கையில் அந்தப் பாத்திரம், இந்தத் தடவை கோழியும் நூடுல்ஸும். மேஜையில் வைத்துவிட்டு, சுற்றி வளைக்காமல் ஆரம்பித்தார்.

"கோழிக் கூண்டுல நரி வருது. பாஸ்டரோட துப்பாக்கி இரவல் வேணும்."

"உங்க கோழி எல்லாத்தையும் போன இலையுதிர் காலத்துலயே குடுத்துட்டதாச் சொன்னீங்க."

வெர்னாவுக்குப் பொய் சொல்ல வராது. காது சிவந்துவிட்டது.

"பக்கத்துப் பண்ணைக் கோழி" என்றார்.

"பக்கத்துப் பண்ணை ஆர்வில்தானே?"

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். எதையோ சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் படுக்கையறையில் கட்டில் கிறீச்சிட்டது. இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பினோம். வெர்னா எழுந்துவிட்டார்.

எல்லாரும் கூடிப் பேசி வைத்துக்கொண்டு வருகிறார்கள். கோபத்தில் அவர் கொண்டுவந்ததை என் சட்டிக்கு மாற்றி, பாத்திரத்தைக் கழுவி அப்போதே கையில் கொடுத்துவிட்டேன். வெறும் பாத்திரம். இதுவரை யாருக்கும் நான் அப்படிக் கொடுத்ததில்லை.

ஜனவரி 18, ஞாயிறு

ஆராதனை இல்லை. ரோடு பனியில் மூடிவிட்டது என்று ஆர்வில் எல்லாருக்கும் போன் செய்துவிட்டாராம். நான் வாசலில் நின்று பார்த்தேன். ரோடு திறந்துதான் இருந்தது.

ஜனவரி 19

வெறும் பாத்திரம் மூன்று நாளாக மனதை அரித்தது. கோபம் வேறு, மரியாதை வேறு. இவருக்குச் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு, கிறிஸ்மஸுக்குச் சுட்டதில் மீதியிருந்த முறுக்கை ஒரு டப்பாவில் போட்டுக்கொண்டு வெர்னா வீட்டுக்குக் காரை எடுத்தேன்.

டப்பாவைப் பார்த்ததும் வெர்னா பெருமூச்சு விட்டார். "நீ வெறும் பாத்திரம் குடுத்ததும் அப்பாடான்னு இருந்துச்சு. ஆகஸ்ட்ல இருந்து சமைச்சுச் சமைச்சு என்னால முடியல."

"நீங்கதான் திரும்பத் திரும்ப அனுப்பினீங்க."

"நீ நிரப்பி அனுப்பினா நான் என்ன பண்ணட்டும்?"

சிரிக்க வேண்டிய இடம். இரண்டு பேருக்கும் வரவில்லை. காப்பி ஊற்றினார். நான் கேட்டுவிட்டேன். எங்களைப் போகச் சொல்ல வேண்டுமென்றால் நேராகச் சொல்லலாமே, கொடுத்த பொருளை ஏன் ஆள் மாற்றி ஆள் வந்து கேட்கிறீர்கள் என்று.

வெர்னா என்னை வெறித்துப் பார்த்தார்.

"போகச் சொல்றதா? யாரு?" என்றார். பிறகு மேஜை விரிப்பின் மடிப்பை நகத்தால் நீவிக்கொண்டே பேசினார். "இந்த ஊர்ல 'நல்லாயிருக்கியா'ன்னு ஒரு தடவைதான் கேப்பாங்க. ரெண்டாவது தடவை கேக்க மாட்டாங்க. குளிர்காலத்துல ஒரு ஆம்பளை பேச்சை நிறுத்திட்டான்னா, அக்கம்பக்கத்துல இருந்து துப்பாக்கி இரவல் கேட்டு வருவாங்க. நரின்னு சொல்லுவாங்க, ஓநாய்னு சொல்லுவாங்க. வீட்டுக்காரி எடுத்துக் குடுத்துருவா. பனி உருகினதும் திரும்ப வந்துரும். யாரும் யாருக்கும் விளக்கம் சொல்றது இல்ல."

அவர் நகம் மடிப்பின் மேல் மறுபடி ஓடியது.

"எங்க வீட்டுக்கும் வந்தாங்க. ஆர்வில்தான் வந்தான். அப்ப சின்ன வயசு அவனுக்கு. எனக்குக் கோபம். அத்தனை துப்பாக்கி வச்சிருக்கிறவன் எங்களோடதைக் கேக்கிறானேன்னு. என் வீட்டுக்காரர் லீராய் ஆசையாத் துடைச்சு வச்சிருக்கார், தர முடியாதுன்னு சொல்லி, காப்பி குடுத்து அனுப்பிட்டேன்." மடிப்பு போகவில்லை. விரலை எடுத்துவிட்டார். "அந்த வாரமே லீராய் போயிட்டார். மண்ணு உறைஞ்சு கிடந்துச்சு, தோண்ட முடியல. ஏப்ரல்லதான் அடக்கம் பண்ணினோம்."

காப்பியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். வெர்னா என் கோட்டை எடுத்துப் பிடித்தார்.

வீட்டில் கோட்டு அலமாரியைத் திறந்தேன். துப்பாக்கி எப்போதும் இவருடைய மழைக்கோட்டுக்குப் பின்னால் நிற்கும். இல்லை. படுக்கையறையில் இவரும் இல்லை. போர்வை மடித்து வைத்திருந்தது. ஒரு மாதமாக இவர் எதையும் மடித்ததில்லை. அந்த மடிப்பைப் பார்த்துத்தான் அதிகம் பயந்தேன்.

வெளியே பனியில் கால்தடம் கோயிலுக்குப் போயிருந்தது. போன தடம் மட்டும்.

முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். என் சால்வையைப் போர்த்தியிருந்தார். கைகள் இரண்டும் மடியில் வெறுமனே கிடந்தன. அதைப் பார்த்த பிறகுதான் என்னால் நடக்க முடிந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"துப்பாக்கி எங்க?"

உடனே பதில் வந்தது, அந்தக் கேள்விக்காகவே காத்துக்கொண்டிருந்தவர் மாதிரி.

"இங்கதான், அங்கி அலமாரியில."

"எப்ப இருந்து?"

"கிறிஸ்மஸ் முடிஞ்சதும் கொண்டுபோய் வச்சேன். பூட்டிட்டேன்."

"சாவி?"

"வாசல்ல நின்னு தூர எறிஞ்சேன். பனி உருகினாத்தான் கிடைக்கும்."

அங்கி போடாத ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு அப்போதுதான் புரிந்தன.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ ஜலதோஷம்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தே. சரி, அப்படியே இருந்துட்டுப் போகட்டும்னு நினைச்சேன்."

இதை எழுதும்போது முந்தின பக்கங்களைத் திருப்பிப் பார்த்தேன். அந்த வார்த்தை எத்தனை இடத்தில் இருக்கிறது.

"இப்பம் அது எப்படி இருக்கு? அந்த நினைப்பு" என்றேன்.

"வருது. போகுது. கதவு பூட்டியிருக்குன்னு நினைச்சா கொஞ்சம் தேவலை." சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "ரெண்டு பேருக்கும் சேத்து நம்புதேன்னு சொன்னேன்லா. ஒரு ஆளுக்கே இல்ல ரூபா" என்றார்.

கையைப் பிடித்துக்கொண்டேன். விரல்கள் விறைத்திருந்தன. எழுப்பிக் கூட்டிக்கொண்டு வந்தேன். நுழைவறையில் இவர் பூட்ஸ் மாட்டும்போது அந்தப் புகைப்படத்தைப் பார்த்தேன். திருமதி விக்ஸ் பார்ப்பது பணிவு அல்ல. அவர் காவல் இருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் ஆர்விலுக்குப் போன் செய்தேன்.

"துப்பாக்கி இரவல் கேட்டீங்களே. இன்னும் வேணுமா?"

"வேணும்."

"பூட்டியிருக்கு. சாவி இல்ல."

"கடப்பாரை கொண்டு வர்றேன். இப்பவே வரட்டுமா?"

"காலையில வாங்க. நான் பக்கத்துலயே இருக்கேன்."

நாளைக்கு என்ன ஆகும் என்று எழுதப் பார்த்தேன், வரவில்லை. நடந்த பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 20

நடந்தது இது.

விடிந்தும் விடியாமலும் ஆர்வில் வந்தார். டிரக்கின் பின்சீட்டில் வெர்னா, மடியில் துணி சுற்றிய அந்தப் பாத்திரம். ஆர்வில் கடப்பாரையோடு கோயிலுக்குள் போனார். நாங்களும் போனோம். அலமாரிக் கதவு கீலோடு பெயர்ந்து வந்தது. அங்கி கீழே விழுந்தது. ஆர்வில் முதலில் அதைத்தான் எடுத்தார், தூசி தட்டி, பெஞ்சின் முதுகில் ஒழுங்காகப் போட்டார். பிறகு துப்பாக்கியைத் தீவனச் சாக்கில் சுற்றிக்கொண்டார்.

"பனி உருகினதும் கொண்டு வர்றேன்" என்றார் இவரிடம்.

"அவசரம் இல்ல" என்றார் இவர்.

"கதவையும் சரி பண்ணிடுறேன்."

"அதுக்கும் அவசரம் இல்ல."

துப்பாக்கியைத் தன் வீட்டில் இறக்கிவிட்டு வந்து, எங்களை டிரக்கில் ஏறச் சொன்னார். மாவட்ட ஆஸ்பத்திரி இரண்டு மணி நேர வழி. டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறாராம். எப்போது வாங்கினீர்கள் என்று கேட்டேன். போன செவ்வாய்க்கிழமை என்றார். நான் அவரை வாசலோடு திருப்பி அனுப்பிய நாள்.

பாதித் தூரம் போன பிறகு இவர், "இங்க என்ன விதைப்பீங்க?" என்று கேட்டார். "கோதுமை" என்றார் ஆர்வில். "எப்ப?" "மண்ணு இளகினதும்." அவ்வளவுதான்.

டாக்டர் சின்னப் பெண். இவரோடு தனியாக நெடுநேரம் பேசினார், பிறகு என்னையும் கூப்பிட்டார். இதற்கு ஒரு பெயர் சொன்னார். ஜலதோஷம் அல்ல. மாத்திரை எழுதினார், வாராவாரம் வரச் சொன்னார், இடையில் எந்நேரமும் கூப்பிட ஒரு நம்பர் கொடுத்தார். துப்பாக்கியைப் பற்றிக் கேட்டார். இரவல் கொடுத்துவிட்டோம் என்றேன். இந்தப் பக்கத்துப் பெண்தான் போலிருக்கிறது, தலையாட்டினார்.

ஆஸ்பத்திரி வாசலில் டிரக்கிலேயே சாப்பிட உட்கார்ந்தோம். வெர்னா பாத்திரத்தைத் திறந்தார். ஆவி பறந்து கண்ணாடி மங்கியது. பழக்கத்தில் எல்லாரும் தலையைக் குனிந்து, பாஸ்டர் ஜெபிப்பதற்காகக் காத்திருந்தோம். இவர் வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. ஆர்வில் தொப்பியைக் கழற்றி முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தார். சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. யாராவது சொல்லத்தான் வேண்டும். நான் தமிழில் சொன்னேன். பெரிதாக ஒன்றும் இல்லை, நாலு வரி. யாரிடம் சொன்னேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. முடித்ததும் இவர் ஆமென் என்றார். ஒரு வார்த்தைகூடப் புரியாத அந்த இரண்டு பேரும் சொன்னார்கள்.

திரும்பி வரும்போது காற்று எழுந்து ரோட்டின் குறுக்கே பனி ஓடிக்கொண்டிருந்தது. ரேடியோவில் யாரோ கோதுமை விலை சொன்னார்கள். முன்சீட்டில் இவருடைய தலை மெதுவாகச் சாய்ந்து கண்ணாடியில் முட்டி நின்றது. வெர்னா என் கையைத் தொட்டார். கவனித்துக் கேட்டேன். குறட்டை.

ஆர்வில் கையை நீட்டி ரேடியோவை அணைத்தார்.